தட்டு வைத்த கை

ரவுடிப் படம் என்றாலே முகம் சுளிக்கிற பாலாம்பிகை, அந்தப் பழைய லண்டன் தாதாவின் படத்தை மட்டும் நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள். காரணம் ஒரு கை. துறைமுகத்துச் சனங்களைத் துரத்திவிட்டு மாடிக் கட்டடம் கட்டத் திட்டம் போடுகிற தாதாவின் முன்னால் கோழித் தட்டை வைக்கிற கை. அது அவளுடைய அண்ணை தியாகராசாவின் கை. லண்டனுக்குப் படிக்கப் போனவன், ஒருநாள் கூலிக்கு நடித்தான். எண்பத்துநாலில் ஊர் திரும்பியவனை ஆமி பிடித்துக்கொண்டு போனது. போனது போனதுதான். அவனுடைய போட்டோக்களும் வீட்டோடு எரிந்தன. அவளிடமிருந்த வீடியோ கசெற்றிலோ, டிவிக்காகப் படத்தின் இரண்டு ஓரத்தையும் வெட்டித் தொலைத்திருந்தார்கள். முழங்கைக்கு மேலே அண்ணை இல்லை.

நகரத்தின் மறுகோடியில், வில்லரேயில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு மத்தியானம், வெட்டாத பிரதி போடுகிறார்கள் என்று கேட்டதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஒரு கையைப் பாக்க இஞ்ச டொலார்டில இருந்து அவ்வளவு தூரம் போறியளோ அம்மா?" என்றாள் மகள் ஆர்த்திகா.

"கையை ஆர் பாக்கப் போறது? முகத்தைப் பாக்கப் போறன். காரை எடு!"

படம் போட்டவன் சென்னையிலிருந்து படிக்க வந்த சூர்யபிரகாஷ். "இது வெறும் தாதா கதை இல்லைங்க. அந்த மேசையில யார் யார் உக்காந்திருக்காங்கன்னு பாருங்க. கவுன்சிலர், போலீஸ், பேங்க்காரர். ஊரையே பங்கு போடுறாங்க" என்று ஆரம்பித்தான்.

"சரி மோனை, படத்தைப் போடு" என்று பாலாம்பிகை முணுமுணுத்தாள்.

கை வந்தது. தோள் வந்தது. ஐயோ, முகம்! இருபத்திரண்டு வயது. அரும்பு மீசை. விடைத்த காதுகள். இந்தக் காதுகளைப் போய் மறந்திருந்தாளே! பெரிய மனிதர்கள் எழுந்து வரைபடத்தைப் பார்க்கப் போனார்கள். ஓரத்தில் நின்றவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, யாரோ கடித்து வைத்த கோழித் துண்டை எடுத்து அவசரமாக வாய்க்குள் திணித்தான். மண்டபம் சிரித்தது.

"சாப்பாட்டுக்கு ஒரு குறையுமில்லை" என்றுதான் அவன் கடிதத்துக்குக் கடிதம் எழுதினான். அதை அம்மா ஒழுங்கையில் வீடு வீடாக வாசித்துக் காட்டினாள். பொய்காரன்! பாலாம்பிகைக்குக் கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை.

படம் முடிந்ததும் சூர்யபிரகாஷ், "அந்த வெயிட்டர் டைரக்டர் சொல்லி நடிச்சாரா, தானா செஞ்சாரான்னு தெரியல. ஆனா மொத்தப் படமும் அந்த ஓரத்துலதான் இருக்கு" என்றான்.

"அது நடிப்பில்லை, தம்பி. அவர் என்ர அண்ணை."

அவன் புரொஜெக்டர் பக்கம் திரும்பினான். "அந்த இடத்தைத் திரும்பப் போடட்டுமா ஆன்ட்டி? முகம் வரும்போது நிறுத்துறேன்" என்றான்.

"நிறுத்தாதேங்கோ" என்றாள். "ஓட விடுங்கோ. பிள்ளை சாப்பிடட்டும்."