பலகை மாறிய வயல்

விடாமல் பெய்த மழை ஓய்ந்ததும் பயிற்சிக்காரம்மா தன் வகுப்பின் செய்முறை வயலில் இறங்கி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் வெள்ளைப் பூஞ்சை. அடுத்த செடி, அதற்கடுத்த செடி, எல்லாம் அப்படித்தான். கருகல் நோய். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அப்படியே வரப்பில் படுத்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது.

மண்ணைக் கெடுக்காமல் உருளைக்கிழங்கு விளைவிப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிக்காதீர்கள், முதலில் இலையைப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போயிருந்தது. செலவை ஓர் அறக்கட்டளை ஏற்றிருந்தது. அடுத்த பருவத்துக்கும் நிதி கொடுக்கலாமா என்று பார்க்க அங்கிருந்து ஓர் அதிகாரி மறுநாள் வருவதாக இருந்தது.

மேலாளருக்குப் போன் போட்டாள்.

"எல்லாமே போச்சா?"

"தழை போச்சு சார். இன்னிக்கே அறுத்துட்டா நோய் கீழ இறங்காம கிழங்கைக் காப்பாத்திடலாம்."

"கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கும்மா. வர்றவங்க கண்ணுக்குத் தெரியறது தழைதான். பக்கத்து வயல் உங்க கொழுந்தனோடதுதானே? பச்சைப் பசேல்னு இருக்காமே. நம்ம திட்டத்து பேர் எழுதின பலகையைப் பிடுங்கி அங்க நட்டுடுங்க."

மறுத்துப் பேசத் தெம்பில்லை. "சரி சார்" என்றாள்.

கொழுந்தன் அவள் வகுப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். வீட்டில் அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு வயலில் டீச்சர் என்று கைகட்டி நிற்க முடியாது என்பான். பலகையும் கையுமாக வந்து நின்றவளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அண்ணி, உங்க பாடத்தை உங்க பயிரே கேக்கலையா?"

"கிண்டல் பண்ணாத தம்பி. நாளைக்கு ஒருநாள் இது இங்க இருக்கட்டும்."

"இருக்கட்டும், வாடகையா கேக்கப்போறேன்? ஆனா எனக்குப் பொய் சொல்ல வராது."

"நீ வாயே திறக்க வேணாம். தலையை ஆட்டினா போதும்."

அன்று பொழுது சாயும்வரை விவசாயிகளோடு சேர்ந்து அவளும் தழை அறுத்தாள். பலகை இருந்த இடத்தில் குழி மட்டும் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மேலாளரோடு வந்த அதிகாரியம்மா நடு வயதுக்காரி. பார்த்தாலே தூக்கம் கெட்டவள் என்று தெரிந்தது. பச்சை வயலில் நின்று கொழுந்தனிடம் கேட்டாள்.

"இந்த மழையிலயும் பயிர் நல்லா நிக்குதே?"

கொழுந்தன் தலையாட்டினான்.

"மருந்து அடிச்சீங்களா?"

அதற்கும் ஆட்டினான்.

"எத்தனை தடவை?"

தலையை ஆட்டித் தப்பிக்க முடியாத கேள்வி. அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்தாள்.

"மழை விட்டப்பல்லாம் அடிச்சேங்க. கணக்கு வெச்சுக்கலை."

மேலாளரின் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது.

"மேடம், இது எங்க வயல் இல்ல. பலகையை நான்தான் மாத்தி நட்டேன். எங்களுது அதோ" என்றாள் அவள். யார் சொல்லி மாற்றினாள் என்று சொல்லவில்லை. அந்தக் கதையை எடுத்தால் இன்னும் நேரமாகும்.

மொட்டையாகக் கிடந்த வயலில் ஒரு விவசாயிப் பெண் மண்வெட்டியால் ஒரு செடியைத் தோண்டிக் காட்டினாள். கிழங்கு சின்னதுதான். ஒன்று அழுகியிருந்தது, மற்றவை கல்லுப்போல இருந்தன.

"இலையைப் பாத்துட்டு அடிங்கன்னாங்க, பாத்தோம். இப்படி அடைமழை வரும்னு தெரிஞ்சா நோய் வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை அடிச்சிருக்கணுமாம். அதை எங்களுக்கு யாரும் சொல்லலை" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இருந்தது.

அதிகாரியம்மா பயிற்சிக்காரம்மா பக்கம் திரும்பினாள். "அடுத்த வகுப்புல சொல்லுவீங்களா?"

"வகுப்பு இருந்தா சொல்லுவேன் மேடம்."

அதிகாரியம்மா சேற்றைப் பார்க்காமல் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். குடித்து முடித்து, "இந்த வாரம் பூரா எனக்குப் பச்சை வயலாத்தான் காட்டினாங்க. எங்கெங்க பலகை மாறியிருக்கோ" என்றாள். வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை.

நிதி வந்தது, ஆனால் சுருங்கி வந்தது. பாதி ஊர்களில் வகுப்பு நின்றது. அவள் ஊர் ஊராகப் போக இருந்த வண்டியும் போயிற்று. மேலாளரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். போகும்போது அவர் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பலகையை மாற்றியதற்கு அவளுக்கும் ஒரு கண்டிப்பு வந்தது. நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது.

அடுத்த பருவத்தில் அதே ஊரில் நடந்த முதல் வகுப்புக்குப் பஸ் பிடித்து, மீதி தூரம் நடந்து போய்ச் சேர்ந்தாள். மழைக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். கொழுந்தன் வரவில்லை. அவன் பெண்டாட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வந்தது அவனுக்குத் தெரியுமா?"

"மருந்து கலந்து கலந்து என் கையெல்லாம் அரிக்குதுக்கா. அது அவருக்குத் தெரியுமா என்ன?"

பயிற்சிக்காரம்மா கால் வலி தாங்காமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, கட்டிப்போன தொண்டையைக் கனைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாள்.