மூன்று மாதம் தண்ணீர் குடித்த ஆள்

ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டில், ரஃபிக் என்ற வங்காளதேசத்துத் தொழிலாளி ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடிக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டான். அண்ணாந்து, போத்தலை வாயில் கவிழ்த்தபடி, பன்னிரண்டு சனிக்கிழமை அசையாமல் நின்றான். பன்னிரண்டு புகைப்படங்கள் இதற்குச் சாட்சி. தோட்டத்து மானேஜர் சாட்சி. கோலாலம்பூர் தலைமை அலுவலகமே சாட்சி. நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது ஒரே ஓர் ஆள்தான்: தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை யுவனேஸ்வரி. அந்தப் பன்னிரண்டு படத்திலும் அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

கதை ஒரு கழித்தல் கணக்கில் தொடங்கியது.

பள்ளியில் பிள்ளைகள் பத்தொன்பது பேர். குளிர் தாங்காத ஆசிரியர்களெல்லாம் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட, தலைமையாசிரியரோடு சேர்த்து எஞ்சியது நான்கு பேர். தலைமையாசிரியர் ராதாகிருஷ்ணன் கண்ணைத் திறந்தபடியே தூங்கத் தெரிந்தவர். ஒருமுறை தாப்பாவில் நடந்த கூட்டத்தில் தூக்கத்திலேயே ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். வழிமொழிந்தவரும் தூங்கிக்கொண்டிருந்ததால் அது ஒருமனதாக நிறைவேறியது. மற்ற மூவர் யுவனேஸ்வரி, துளசி, குணாளன்.

இந்த மூவரும் சனிக்கிழமை காலையில், யாரும் சொல்லாமலே, ரிங்லெட்டில் ஒரு ரொட்டிக் கடையில் கூடுவார்கள். ஒருவர் பாடம் நடத்துவார். மற்ற இருவரும் வகுப்பிலேயே கடைசிப் பிள்ளைகளாக உட்கார்ந்து ஏடாகூடமாகக் கேள்வி கேட்க வேண்டும். குணாளன் இதில் கெட்டிக்காரன். அவன் நடிக்கவே வேண்டியதில்லை என்பாள் துளசி.

மூன்றாவது சனிக்கிழமை குட்டு உடைந்தது. நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்க வேண்டும். குணாளன் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கழித்தான். துளசி பதினேழிலிருந்து படிப்படியாக நாற்பத்திரண்டுக்கு ஏறிப் போனாள். யுவனேஸ்வரி இரண்டு பக்கமும் மூன்றைக் கூட்டி, நாற்பத்தைந்தில் இருபது போக இருபத்தைந்து என்றாள். மூவருக்கும் விடை ஒன்றுதான். ஆனால் ஒரே பிள்ளை மூன்று வருஷத்தில் மூன்று பேரிடமும் படித்து, பக்கத்து வீட்டில் கடன் வாங்கி, வாங்கிய கடனோடு படியேறி, வழி தெரியாமல் நின்றுவிடும். பத்தொன்பதில் பதினொரு பிள்ளைகள் விடையை முப்பத்தைந்து என்று எழுதியதன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லா பாடத்தையும் இப்படி ஒக்காந்து பாக்கணும் டீச்சர்," என்றான் குணாளன். "பன்னெண்டு சனிக்கெழமயாச்சும் ஆகும்."

அன்று மாலை யுவனேஸ்வரியின் அப்பா இருளப்பன் விசாரித்தார். அவர் அதே தோட்டத்துக் கங்காணி. எட்டாம் காடு உட்பட நான்கு காடுகள் அவர் பொறுப்பில் இருந்தன.

"சனிக்கெழமயில என்னம்மா வேல?"

"ஸ்கூல் வேலதான்ப்பா. மூணு பேரும் சேந்து பாடத்தப் பாக்குறோம்."

"சம்பளம்?"

"அதெல்லாம் இல்ல."

"ஞாயித்துக்கெழம காட்டுல எறங்கச் சொல்லு, டபுள் சம்பளம் இல்லன்னா ஒரு பய காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு வந்து நிக்கமாட்டான். படிச்சவுங்க நீங்க சும்மா செய்யிறீங்க. வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. வேலை என்றால் அதற்குச் சம்பளம் உண்டு. இதில் என்ன தகராறு? அவள் தோட்டத்து மானேஜர் மகேனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவர்தான் பள்ளி வாரியத்துக்கும் தலைவர். ஜீன்ஸும் தொப்பியும் போட்ட இளவயதுக்காரர். ஆனாலும் வயசாளிகளுக்கு அவர் துரைதான். துரை யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். சரி என்றார். ஒரு சனிக்கிழமைக்குத் தலைக்கு நூறு வெள்ளி, அதாவது நூறு ரிங்கிட். இப்படிப் பன்னிரண்டு சனிக்கிழமை. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு சனிக்கிழமையும் திட்டத்தின் பெயர் எழுதிய பேனருக்கு முன்னால் தேதியோடு ஒரு புகைப்படம்.

அத்தனை காலம் தூங்கிய ராதாகிருஷ்ணன் அன்றுதான் விழித்தார்.

"நல்லா யோசிங்க டீச்சர். பன்னெண்டு வாரம் பேனரக் கட்டி அவுத்து, கட்டி அவுத்து, யாரால முடியும் லா? ஒரே நாள்ல எடுத்துத் தள்ளிருவோம். அப்புறம் நீங்க பாட்டுக்கு ரிங்லெட்டுல ஒக்காந்து பேசுங்க. போட்டோ தொல்ல இல்லாம."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அழுகல் எப்போதும் நியாயமாகத்தான் வாசலில் வந்து நிற்கும் போலிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பறைச் சன்னலோரம் பேனரைக் கட்டினார்கள். குணாளன் அண்ணன் தம்பி சட்டைகளையெல்லாம் ஒரு கோணிச் சாக்கில் அடைத்துக்கொண்டு வந்திருந்தான். ராதாகிருஷ்ணன் தன் எட்டுச் சட்டையும் தீர்ந்தபின் குணாளனின் சட்டைக்குள் நுழைந்து, பொத்தான் போட முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு வாரம் நின்றார். பெண்கள் இருவரும் சால்வை மாற்றினார்கள். பேனரின் மூலையில் தேதிக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து ஒட்டினார்கள். ஜூன் முடிந்து ஜூலை வந்தது. ஆகஸ்டில் துளசிக்குப் பசி எடுத்தது. பத்தே முக்காலுக்கெல்லாம் செப்டம்பர் ஆகிவிட்டது.

சன்னலுக்கு வெளியே எட்டாம் காட்டில் இரண்டு பேர் பிடித்துக் கொழுந்து வெட்டும் மெஷின் பாதி நிரையில் படுத்திருந்தது. அந்தப் பக்கம் வெட்டியாகிவிட்டது, இந்தப் பக்கம் வெட்டவில்லை. நடுவில் ரஃபிக் நின்றான். தண்ணீர் குடிக்கத்தான் நின்றான். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் பெரிய மனிதர்கள் சட்டையைக் கழற்றிக் கழற்றிப் போடும் அந்தக் காட்சியைப் பார்த்தவன், போத்தலை வாயிலிருந்து எடுக்க மறந்துபோனான். முக்கால் மணி நேரம். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் ஊரில் அவன் எதையெல்லாமோ பார்த்திருப்பான், இதைப் பார்த்திருக்க மாட்டான்.

அடுத்த சனிக்கிழமை யுவனேஸ்வரி ரிங்லெட் கடையில் தனியாக ஒரு ரொட்டி தின்றாள். குணாளனுக்குப் போன் போட்டாள்.

"என்ன டீச்சர், ரெண்டாவது வாரத்துக்கு நான் ஏற்கெனவே வந்துட்டேனே. போட்டோவுல பாருங்க, ஊதாச் சட்ட."

மூன்றாவது வாரத்துக்கும் அவன் வந்திருந்தான், கோடு போட்ட சட்டை. ஐந்தாவது வாரத்துக்குத் துளசியும் வந்துவிட்டிருந்தாள். பணம் இல்லாதபோது மழையில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள், பணம் வந்ததும் பன்னிரண்டு வாரத்தையும் முடித்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். பிள்ளைகள் முப்பத்தைந்து என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். திரிங்காப் பக்கம் காய்கறித் தோட்டங்களுக்குக் கோழிச் சாணம் கொட்டுகிற நாளில் பஸ் சன்னலை மூடினாலும் ஒரு நாற்றம் உள்ளே வருமே, யுவனேஸ்வரிக்குத் தன் வங்கிப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த நாற்றம் வந்தது.

செப்டம்பர் கடைசியில் பள்ளி மண்டபத்தில் நிறைவு விழா. பெற்றோர், கங்காணிமார், மானேஜர் எல்லாரும் வந்திருந்தார்கள். ராதாகிருஷ்ணன் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டு, அந்தந்த வாரத்தில் என்ன கற்றுக்கொண்டோம் என்று உருகினார். ஏழாவது படத்தில் அவருக்கே கண் கலங்கியது.

பன்னிரண்டாவது படம் முடிந்ததும் மகேன் எழுந்தார்.

"இருளப்பன்!"

இருளப்பன் எழுந்து நின்றார்.

"மொதப் படத்துல எட்டாம் காடு பாதி வெட்டியிருக்கு. கடைசிப் படத்துலயும் பாதிதான் வெட்டியிருக்கு. இருவது நாளைக்கு ஒரு சுத்து வரணும்னு ஒங்களுக்குத் தெரியாதா? மூணு மாசமா ஒருத்தன் தண்ணி குடிச்சிக்கிட்டு நிக்கிறான், நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். இருளப்பன் சிரிக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் உண்டு. ஒன்று, மழையில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியதற்கு. மற்றொன்று, பழைய துரையின் நாயைத் துரையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு. நாயும் வந்தது, துரையும் வந்தார். மூன்றாவது கடிதம் வந்தால் கங்காணி வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். பணி ஓய்வுக்கு இன்னும் எட்டே மாதம்.

அவர் திரையைப் பார்த்தார். வெட்டிய செடியின் நிறத்தைப் பார்த்தே எத்தனை மணிக்கு வெட்டியது என்று சொல்கிற கண் அது. பன்னிரண்டும் ஒரே காலை என்று அந்தக் கண்ணுக்கு இரண்டாவது படத்திலேயே தெரிந்திருக்கும். பிறகு அவர் மகளைப் பார்த்தார்.

"ஆமாங்க தொர. என் தப்புதான்."

யுவனேஸ்வரி எழுந்தாள். "இல்ல சார். அது எல்லாம் ஒரே நாள்ல எடுத்த படம். நாங்க சட்டைய மாத்தி மாத்தி நின்னோம்."

ராதாகிருஷ்ணன் இருமினார். குணாளன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவன் விழா முடியும்வரை நிமிரவில்லை.

"டீச்சர், ஒக்காருங்க," என்றார் மகேன். "ஆபீஸ்ல பேசலாம்."

திங்கட்கிழமை அவள் அப்பாவோடு ஆபீசுக்குப் போனாள். கொழுந்து எடை எழுதும் புத்தகத்தையும் எடுத்துப் போனாள். மூன்று மாதத்தில் எட்டாம் காடு நான்கு சுற்று வெட்டப்பட்டதும், எத்தனை கிலோ கொழுந்து வந்தது என்பதும் அதில் தெளிவாக இருந்தது. மகேன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"எனக்குத் தெரியாதா டீச்சர்? அந்த ஊதாச் சட்டைய ஹெட்மாஸ்டர் மேலயும் பாத்தப்பவே தெரியும். ஆனா எனக்கு முன்னாடி ஹெட் ஆபீஸ்காரன் பாத்துட்டான். காடு ஏன் பாதியில நிக்குதுன்னு போன் பண்ணிக் கேக்குறான். யாராவது ஒருத்தர் காரணமா இருக்கணும்ல? டீச்சருங்கதான் காரணம்னா திட்டமே பொய்யின்னு ஆயிரும். திட்டம் என்னோடது."

"அப்ப எங்கப்பாவோட வீடு?"

"இந்த மூணாவது லெட்டர்ல சைன் வைக்கச் சொல்லுங்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

இதை அவர் பேரம் பேசுவதுபோலக்கூடச் சொல்லவில்லை. தேநீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது என்பதுபோலச் சொன்னார். யுவனேஸ்வரிக்கு அந்த அறையில் மூச்சு விடவே அருவருப்பாக இருந்தது. இருளப்பன் பேனாவை எடுக்கப் போனார். அவள் புத்தகத்தையும் அவர் கையையும் சேர்த்துப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"நீங்க ஏன்ப்பா ஒத்துக்கிட்டீங்க?"

"ஒன் வேல போயிரும்னுதான்." கொஞ்ச தூரம் நடந்தபின் கேட்டார்: "நீயும் சட்ட மாத்துனியா?"

"சால்வ."

"எத்தன?"

"பன்னெண்டு."

"அத்தன சால்வ ஏது ஒனக்கு?"

"துளசிக்கிட்ட பாதி வாங்கிக்கிட்டேன்."

"சீ," என்றார் இருளப்பன். அவ்வளவுதான் சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் மகளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் முறை.

அன்றே அவள் தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினாள். சாக்கு மூட்டைச் சட்டையிலிருந்து ஊதாச் சட்டைவரை எதையும் விடவில்லை. எடைப் புத்தகத்தின் நகலை இணைத்தாள். ஆயிரத்து இருநூறு வெள்ளியையும் அவர்கள் கணக்குக்கே அனுப்பினாள். கடைசிப் பத்தியில் இப்படி எழுதினாள்: 'சனிக்கிழமை வேலைக்குச் சம்பளம் கேட்டது தவறில்லை. அதை இன்றும் கேட்கிறேன். வேலை செய்யாமல் வாங்கியதுதான் தவறு. அந்தத் தவறு எட்டாம் காட்டில் நடக்கவில்லை, எங்கள் வகுப்பறையில் நடந்தது.'

துளசி அழுதுகொண்டே அடியில் கையெழுத்துப் போட்டாள். குணாளன் போடவில்லை. மோட்டாருக்குத் தவணை கட்டியாகிவிட்டதாம். ராதாகிருஷ்ணனிடம் நீட்டியபோது அவர் கண்ணைத் திறந்தபடி தூங்கினார்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ஐந்து வாரமும் இருளப்பன் வீட்டுச் சாமான்களை எந்த லாரியில் ஏற்றுவது என்று யோசித்துக்கொண்டே வேலைக்குப் போனார். பதிலில் நான்கே விஷயம். எட்டாம் காட்டைப் பற்றிய விளக்கம் திருப்தியளிப்பதால் கங்காணி மீது நடவடிக்கை இல்லை. கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள நிறுவனத்தில் வழிமுறை இல்லை என்பதால் ஆயிரத்து இருநூறு வெள்ளி திருப்பி அனுப்பப்படுகிறது. திட்டம் சிறப்பாக நடைபெற்றுள்ளதால் அடுத்த ஆண்டும் தொடரும். தலைக்கு நூற்றிருபது வெள்ளி. நான்காவது, இனிமேல் படம் எடுக்கும்போது வெளிக்காட்சி தெரியாமலிருக்க, வகுப்பறைச் சன்னலுக்குத் திரைச்சீலை வாங்க எண்ணூறு வெள்ளி ஒதுக்கப்படுகிறது.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். வீடு தப்பிவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கண் நான்காவது விஷயத்துக்கே திரும்பத் திரும்பப் போனது.

திரும்பி வந்த பணத்தை என்ன செய்வது என்று துளசி கேட்டாள்.

"வாங்கியாச்சுல்ல? பன்னெண்டு சனிக்கெழம வேல பாத்துக் கழிச்சிர வேண்டியதுதான். எட்டு மணிக்கு ரொட்டிக் கடைக்கு வந்துரு."

துளசி வந்தாள். முதல் வாரமே கடன் வாங்குவதா, படியேறுவதா என்று இருவரும் போட்ட சண்டையில் கடைக்காரர் வந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. நான்காவது வாரம் குணாளனின் மோட்டார் கடைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. பிள்ளைகளில் ஆறு பேர் இப்போது இருபத்தைந்து என்று எழுதுகிறார்கள்.

திரைச்சீலையும் வந்தது. எண்ணூறு வெள்ளிக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் ராதாகிருஷ்ணன் தானா ராத்தா டவுனுக்குப் போய், சுற்றுப்பயணிகளுக்கு விற்கிற, தேயிலை மலை அச்சடித்த துணியை வாங்கி வந்து மாட்டினார். மலை முழுக்கக் கொழுந்து. நடுவில் ஒரு பெண் கூடையைச் சுமந்துகொண்டு சிரித்தாள். அசல் தேயிலைக் காட்டை மறைக்க ஒரு தேயிலைக் காடு!

இருளப்பன் மோட்டாரை நிறுத்திவிட்டு வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தார். கிட்டே போய்த் துணியை விரலால் தடவினார்.

"கொழுந்து முத்திப்போச்சு. இத பத்து நாளைக்கு முன்னாடியே வெட்டியிருக்கணும்." கூடைக்காரியை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா இது, பெரட்டுல பாத்ததே இல்லியே? வேலயப் பாக்காம சிரிச்சிக்கிட்டு நிக்கிது. இது வருஷம் பூரா இப்படியேதான் நிக்கும். எனக்கு மறுபடியும் லெட்டர் வந்துச்சுன்னா, நீதான் பதில் சொல்லணும்."

யுவனேஸ்வரி திரையை ஒரே இழுப்பில் ஓரத்துக்குத் தள்ளினாள். வெளியே எட்டாம் காடு முழுக்க வெட்டி முடிந்திருந்தது. நிரையின் முனையில் ரஃபிக் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சன்னலில் ஆளைக் கண்டதும் அவசரமாகப் போத்தலை மூடிவிட்டு மெஷினைத் தூக்கினான்.