ஒண்ணாவதை எடு

நான்கு பேரில் ஒருவனை அன்று காலை பத்து மணிக்கு வெளியே தூக்கியாக வேண்டும். யாரை என்பது மூன்று வாரம் முன்பே முடிவாகிவிட்டது.

சம்பவ இடம், வாசலை ஒட்டிய செருப்பு அலமாரி. அதன் நடுத்தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டு சர்வர். உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க்குகள், ஒன்றின் தலைமேல் ஒன்றாக, நான்கு அடுக்குக் கட்டடம் மாதிரி.

பெட்டியைக் கட்டியவர் அந்த வீட்டு மாப்பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக். எதையும் சர்வீஸ் படிவத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒட்டி வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த திட்டமும் அப்படியொரு படிவத்தின் பின்பக்கம்தான்.

"இப்ப ஒவ்வொருத்தனும் நாலு டெராபைட்," என்று பென்சிலால் தட்டி மனைவிக்குக் காட்டினார். "நாலு பேர், பதினாறு. அதுல ஒருத்தன் பங்கு காவலுக்குப் போயிடும். மீதி பன்னெண்டு. அதுவும் ரொம்பி, இப்ப நூத்துக்குத் தொண்ணூத்தேழு. புதுசு ஒவ்வொண்ணும் பன்னெண்டு. ஒவ்வொருத்தனா மாத்திட்டா முப்பத்தாறு கிடைக்கும்."

"காவலுக்குன்னா?"

"ஒருத்தன் செத்தா மத்த மூணு பேரும் சேர்ந்து, அவன் வச்சிருந்ததை அப்படியே திருப்பி எழுதிடுவாங்க. அதனாலதான் ஒவ்வொருத்தனா மாத்தறோம்."

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல செத்தா?"

"நல்ல காரியம் பண்றப்ப ஏன்டி இப்படி வாயை வைக்கற?"

வாய் அவள் தொழில். பல் ஆய்வகம் ஒன்றில் செயற்கைப் பல் செதுக்குகிறாள். நாள் முழுக்க ஒன்றாம் பல், இரண்டாம் பல், எட்டாம் பல் என்று எண்ணிக்கொண்டே இருப்பாள்.

அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டது சினிமா இல்லை, கல்யாண ஆல்பம் இல்லை. அம்மா. அவளுடைய அம்மா.

அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பள்ளிக்கூடம் போனதில்லை. குடை தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். அவள் பேசுவது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சைகை. பேசத் தெரியாத அம்மாவும் பேசப் பழகாத குழந்தையும் ஒரே அறையில் இருந்து ஒவ்வொன்றாக உண்டாக்கிக்கொண்டது. உலகத்தில் இந்தப் பாஷை தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். மாப்பிள்ளையைச் சேர்த்தால் இரண்டே கால்.

குடை காற்றில் மேல்நோக்கிப் புரண்டுகொள்வது மாதிரி விரல்களை விரித்தால் சூபர்வைசர். கோபத்தில் இருக்கிற யாரும் சூபர்வைசர்தான். உள்ளங்கை மேலே போய், கீழே வந்து, பாதியில் நின்றால் மாப்பிள்ளை.

"பாதியில ஏன் நிக்குது? நான் பாத்துக்கற லிஃப்ட் எதுவும் பாதியில நிக்காது, அத்தை!" என்று அவர் வருடக்கணக்கில் முறையிட்டுக்கொண்டிருந்தார். அத்தை அந்தச் சைகையை மாற்றவில்லை.

இரண்டு வருடம் முன்பு அம்மாவின் விரல்களில் நடுக்கம் ஆரம்பித்தது. குறையாது, கூடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே மகள் கேமராவை எடுத்தாள். மற்றவர்கள் அம்மாவின் பேச்சை ஒலியாகப் பதிந்தால் கைக்குட்டை அளவு இடம் போதும். இந்த அம்மாவின் பேச்சுக்கு ஒவ்வொரு விரலும் தெளிவாகத் தெரிகிற வீடியோ வேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டு சைகைகள், ஒவ்வொன்றுக்கும் கதை, கிண்டல், வம்பு. மொத்தமும் அந்தச் செருப்பு அலமாரியில்.

வேறெங்கும் இல்லை. கழற்றுகிற பழைய டிஸ்க்குகளில் இன்னொரு பிரதி எடுத்து வைப்பது, படிவத்தில் கடைசி வரியாக இருந்தது.

*

ஞாயிறு காலை பத்து மணி. மனைவி உள்ளே அம்மாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தனியாக ஆபரேஷனை முடித்தார். நான்கு டிஸ்க்கில் ஒன்று நாலைந்து மாதமாக இருமிக்கொண்டிருந்தது. அதை முதலில் உருவினார். அந்த இடத்தில் புதியதை மாட்டினார். மற்ற மூன்று பேரும் புதியவனுக்குப் பாடம் எழுத ஆரம்பித்தார்கள். முடிய ஒரு நாள் ஆகும். மீதி மூன்று புது டிஸ்க்குகள் செருப்புகளுக்கு மேல் அட்டைப்பெட்டியில் வரிசையில் காத்திருந்தன.

பத்தரைக்குப் போன். எங்கோ ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு மனிதரோடு நின்றுவிட்டது.

"நின்னது என்னோட லிஃப்ட் இல்ல," என்று அத்தையிடம் கையை ஆட்டிச் சொல்லிவிட்டு ஓடினார்.

பதினொன்றே காலுக்கு அலமாரி அலறியது.

"என்னங்க, பெட்டி கத்துது!"

"எப்படிக் கத்துது? விட்டு விட்டா, ஒரேயடியாவா?" மெக்கானிக் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்திருந்தார். பின்னால் இரும்பைத் தட்டும் சத்தம்.

"விட்டு விட்டு. சிவப்பு லைட்டு."

"எந்த டிஸ்க்ல?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்க பெட்டியில இருக்கறதே ஒரு லைட்டுதானே!"

"சரி, பதறாத. புதுசு சரியா உக்காரல, அவ்ளோதான். ஒண்ணாவதை எடு. திருப்பி வச்சு நல்லா அழுத்து."

"சார்," என்று லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கெஞ்சியது. "ஒண்ணாவதை அப்புறம் எடுக்கலாம். முதல்ல என்னை எடுங்க!"

"கீழேர்ந்து ஒண்ணாவதுதானே?" என்றாள் மனைவி.

"ஆமாம்மா, கீழேர்ந்துதான் எண்ணணும். எடு."

நான்கு கைப்பிடிகளும் அச்சு அசலாக ஒரே மாதிரி. அவள் குனிந்தாள். எடுத்தாள்.

அலறல் நின்றது.

"பாத்தியா! நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு." அவள் குரல் இறங்கியது. "ஆனா... ஓடற சத்தமும் நின்னுடுச்சுங்க."

இரும்பைத் தட்டும் சத்தமும் நின்றது.

"எதை எடுத்த?"

"நீங்க சொன்னதைத்தான். ஒண்ணாவது. அடியில இருக்கறது."

"அது தரை!"

"என்ன தரை?"

"தரைத்தளம்டி! தரை, ஒண்ணு, ரெண்டு, மூணு! எந்த லிஃப்ட்லயாவது தரைக்கு ஒண்ணுன்னு பட்டன் இருக்கா?"

"எந்த வாயிலயாவது பூஜ்யமாவது பல்லுன்னு ஒண்ணு இருக்கா?"

புதியவன் இன்னும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. தரைத்தளத்தில் இருந்தவனும் வெளியே வந்துவிட்டான். இரண்டு பேர், ஒரே நேரத்தில்.

"மேடம்," என்றது லிஃப்ட் குரல் மெதுவாக. "காப்பி ஒண்ணு எடுத்து வச்சிருப்பீங்கல்ல?"

அவள் கதவில் ஒட்டியிருந்த படிவத்தின் கடைசி வரியைப் பார்த்தாள்.

"மெயின் ஸ்விட்சை அணை," என்றார் கணவர். "எதையும் தொடாத. நான் வந்துடறேன்."

"போயிடுச்சாங்க?"

"தெரியலம்மா." தொழிலில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டவரிடம், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது. "நிஜமா தெரியல."

*

சமையலறை மேசையில் அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நடுக்கத்தில் பாதி தட்டில், பாதி தரையில். மகள் எதிரே வந்து உட்கார்ந்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைப் படித்தாள்.

"யார் சூபர்வைசர்?" கை கேட்டது. உன்னை யார் திட்டினது என்று அர்த்தம்.

மகள் தலையை ஆட்டினாள். பெட்டி. நீ. கையிலிருந்து நழுவியது. உடைந்தது. நான்.

நான்கு சைகைகள், ஒரு விரல் தன் நெஞ்சில். இவ்வளவு சின்ன வாக்கியத்தை அவள் அம்மாவிடம் இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னதில்லை.

அம்மா ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். "எல்லாமா?"

"எல்லாம்."

"அந்தப் பச்சை ஸ்வெட்டர் போட்டு எடுத்தது?"

"அதுவும்."

"அது போகட்டும். அதுல நான் பூசணிக்கா."

மகளுக்குச் சிரிப்பு வந்து, அது பாதி வழியில் அழுகையாக மாறியது. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையும் ஆடியது, பிடிபட்ட கையும் சேர்ந்து ஆடியது. பேசுவதற்காகத்தான் விட்டாள்.

"ரெண்டு வருஷமா நான் அதுல யார்கிட்ட பேசறேன்?"

"என்கிட்ட."

"நீ எங்க இருக்க?"

"கேமராவுக்குப் பின்னாடி."

"அப்ப பாக்கறவன் என்ன நினைப்பான்? பைத்தியம் தனியா கையை ஆட்டுதுன்னு நினைப்பான்." அம்மா உள்ளங்கையைக் காதோரம் சுழற்றினாள். "நான் கேக்கறேன், நீ பதில் சொல்றதே இல்ல. கல்லு மாதிரி நிக்கற. நீ சின்னதா இருந்தப்ப இப்படி இருந்ததில்ல. கை ஓயாது. சாப்பிடறப்ப கையைக் கட்டிப் போடுவேன்."

மகள் தன் விரல்களைப் பார்த்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு வீடியோவில் ஒன்றில்கூட அவள் விரல் விழவில்லை. குறுக்கே வந்துவிடக் கூடாது என்று அத்தனை கவனமாக இருந்தாள்.

அம்மா காதுமடலை இரண்டு தரம் இழுத்துக் காட்டினாள். பொய். "இதைப் பதிஞ்சியா?"

"பதிஞ்சேன்."

"யார் கண்டுபிடிச்சதுன்னு சொன்னியா?"

"நீதானே?"

"நானா!" அம்மா மேசையைத் தட்டினாள். பட்டாணி குதித்தது. "நீ. சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணிட்டு, எறும்புன்னு சொல்லிட்டு, காதைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. அன்னிலேர்ந்து."

"எனக்கு அப்ப என்ன வயசு?"

அம்மா மூன்று விரலைக் காட்டினாள். மூன்றும் நடுங்கி, நான்கா ஐந்தா என்று தெரியாமல் போனது. மகள் தன் மூன்று விரலை அவற்றின் பக்கத்தில் ஆடாமல் நீட்டிக் கேட்டாள். அம்மா தலையசைத்தாள்.

*

ஒன்றேகாலுக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாப்பிள்ளை அலமாரி முன்னால் மண்டியிட்டார். லிஃப்டில் மாட்டியிருந்தவர் வெளியே வந்ததும் நன்றி சொல்லவில்லையாம். "போங்க சார், முதல்ல வீட்டுக்குப் போங்க," என்றாராம்.

தரைத்தளத்து டிஸ்க்கைத் துடைத்து, அதன் இடத்தில் சொருகினார். 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினார். உட்காராத புதியதை உருவி எடுத்தார். அந்த மாடி காலி.

"மூணு பேர் போதும். ரெண்டாமவன் வெளிய வந்த நொடியே பெட்டி எழுதறதை நிறுத்தியிருந்தா பொழச்சோம். நடுவுல ஏதாவது எழுதியிருந்தா..." முடிக்காமல் ஸ்விட்சைப் போட்டார்.

விசிறி சுற்றியது. ஒரு டிஸ்க் முனகி எழுந்தது. இரண்டாவது. பிறகு ஒன்றும் இல்லை. அவள் கணவரின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். பத்து விநாடி. இருபது.

மூன்றாவது முனகல்.

லேப்டாப் திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. ஒரு டிஸ்க் குறைவு. தொகுப்பு செயல்படுகிறது.

அவர் முதலில் திறந்த கோப்பு, பச்சை ஸ்வெட்டர். அம்மாவின் விரல்கள் திரையில் விரிந்தன. ஓடியது. நிற்காமல் கடைசிவரை ஓடியது.

அவள் அவர் முதுகில் நெற்றியை வைத்தாள்.

"இப்பவே அடுத்ததை மாத்தாதீங்க."

"மாத்துவேனா? முதல்ல பிரதி." அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். மூன்று காலி டிஸ்க், ஒவ்வொன்றும் பன்னிரண்டு டெராபைட். காலையிலிருந்து செருப்பு மேல் சும்மா உட்கார்ந்திருந்தவை. "இதுல ஒண்ணுல எல்லாத்தையும் ஊத்திட்டு அப்புறம் பெட்டியைத் தொட்டிருக்கணும். மூணு வாரமா திட்டம் போட்டேன், கண்ணு முன்னாடி இருந்தது தெரியல. என் தப்பு."

"எடுத்தது நான்தானே."

"சொன்னது நான்."

"சரி, ஆளுக்குப் பாதி."

படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். முதல் வரி: பிரதி. அடுத்து நான்கு கட்டம் வரைந்து பென்சிலை அவளிடம் நீட்டினார். "நீயே பேர் போடு. எண் வேணாம்."

அவள் கொஞ்சம் யோசித்துக் கீழிருந்து எழுதினாள். ஞானப்பல், கடைவாய்ப்பல், கோரைப்பல், முன்பல்.

"எது எதுன்னு எனக்குப் புரியணுமே!"

"கேட்டுட்டுத் தொடுவீங்கல்ல? அதான் வேணும்."

பிரதி முடிய நாளைக் காலை ஆகிவிடும் என்றது திரை. அவர் நிமிர்ந்தபோது அம்மா கூடத்தில் இரண்டாவது நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். கேமராவுக்கு முன்னால், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். மாப்பிள்ளையைப் பார்த்து, உள்ளங்கையை மேலே கொண்டுபோய், கீழே இறக்கி, பாதியில் நிறுத்தி, கேமராவைக் காட்டினாள்.

"நானா எடுக்கணும்? அத்தை, எனக்குப் பாதிதான் புரியும்."

"புரிய வேணாம், கை வெளிய போகாம பாத்துக்குங்க," என்றபடி மகள் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேர் கையும் வரணும்னா தள்ளி வச்சு எடுக்கணும். விரல் தெளிவா வேணும்னா ஃபைல் பெருசாகும். முப்பத்தாறும் பத்தாது போலிருக்கே!" என்று புலம்பிக்கொண்டே சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

அம்மா காதுமடலை இழுத்தாள். விரல் வழுக்கியது. மறுபடி இழுத்தாள். மகள் அதையே ஆடாமல் செய்து காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, இது நான் கண்டுபிடித்தது என்றாள்.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கேமரா பக்கம் திரும்பி, நடுங்குகிற கையால் சர்க்கரை டப்பாவின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது சைகையிலேயே மகள் குறுக்கே புகுந்து, டப்பாவில் பாதிதான் இருந்தது என்று மறுத்தாள்.