இடது கால், எண் நாற்பத்திரண்டு

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் வாசற்படியைத் தாண்டியதும் நோயாளியின் உடம்பில் வலிக்கிற இடம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். பதினோரு வருடமாக அப்படித்தான் நடந்துவந்தது. பெஞ்சில் மூன்று முழங்கால், ஒரு தொண்டை, இரண்டு வயிறு வரிசையாகக் காத்திருக்கும். "அடுத்து வயிறு, உள்ள வாங்க" என்று கம்பவுண்டர் கூப்பிட்டால் இரண்டு வயிறும் ஒன்றாக எழுந்து முட்டிக்கொள்ளும். சீட்டில் எண்ணும் உறுப்பும் மட்டும் இருக்கும், பெயருக்கு இடமில்லை. ஒரு சீட்டுக்கு ஒரு வியாதி என்பது அங்கே சட்டம். இருமலோடு தலைவலியும் உள்ளவர்கள் இரண்டு தடவை வரிசையில் நின்றார்கள். பேச்சு நேரத்தை வீணாக்கும் என்று சுவரில் வேறு எழுதி ஒட்டியிருந்தது. டாக்டர் பொல்லாதவர் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்குத் தொண்ணூறு உறுப்புகளைப் பார்க்கிற மனிதருக்கு முகமும் தெரிந்தால் தாங்குமா?

புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் நர்ஸ். கைராசிக்காரி என்று பெயரெடுத்தவள். அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். தன்னைக் கேட்காமல் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாள் என்று நாலு வருடத்துக்கு முன்னால் முறுக்கிக்கொண்டு போனவன். அவளும் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. தெருவில் எதிரே பார்த்துவிட்டால் இருவருமே அந்தப் பக்கம் மாறி, மறுபடியும் நேருக்கு நேர் வந்து நிற்பார்கள்.

ஆறு வாரமாக வியாழக்கிழமைதோறும் எண் நாற்பத்திரண்டு வந்துகொண்டிருந்தது. இடது கால், சர்க்கரைப் புண். அவளும் துடைத்து மருந்து வைத்துக் கட்டி அனுப்பினாள். கூடப் பிறந்தவன் காலைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பவர்கள், தங்கள் அண்ணன் காலை எப்போதாவது உற்றுப் பார்த்ததுண்டா? புண்ணோ நாளுக்கு நாள் மோசமானது. ஏழாவது வியாழக்கிழமை டாக்டரின் சீட்டு வந்தது: பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும், பாதத்தை எடுக்க வேண்டிவரும். அவளுக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளையின் காலைக்கூட அவள் இத்தனை தடவை கழுவியதில்லை. சட்டமாவது கிட்டமாவது என்று கேட்டேவிட்டாள்.

"ஏங்க, நீங்க என்னதான் வேலை பாக்குறீங்க?"

கால் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. "கம்பெனி கேட்டுல வாட்ச்மேன். ராத்திரி முழுக்க நிக்கணும்."

முதல் வார்த்தையிலேயே அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது. பாதத்துக்கு மேலே முழங்கால் வரை கண்ணுக்குத் தெரிய வந்துவிட்டிருந்தது. நிறுத்தினால் அதோடு நின்றுவிடுமோ என்று பயந்து, யாரிடமோ கேட்பது போலவே அவள் கேட்டுக்கொண்டு போனாள். கம்பெனி கொடுத்த ஷூ ஒரு அளவு சின்னது என்றபோது தொடை வந்தது. "சாப்பிட்டதும் ரெண்டு வேளை மாத்திரை போடச் சொன்னாங்க. பகல்ல தூங்குறவன் எங்க ரெண்டு வேளை சாப்பிடுறது?" என்றபோது தொப்பை வந்தது.

"உங்க வீட்டுப் பக்கத்துல ஆஸ்பத்திரியே இல்லையா? ஏன் இவ்ளோ தூரம்?"

"இங்கதான் என் தங்கச்சி கட்டுப் போடுறா."

முகம் வந்துவிட்டது. நாலு வருடத்தில் தலை நன்றாக நரைத்திருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. "அட பாவி அண்ணா! வாயைத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"பேசக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க" என்றான் அவன்.

கையைப் பிடித்து அவனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் கிட்டத்தட்ட ஒரு முழு ஆள் உள்ளே வந்ததும் டாக்டர் பதறி எழுந்தார். நோயாளிக்கு நாற்காலியே இல்லாததால் தன்னுடையதைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. "இதைக் கேக்காம கால எடுக்கச் சொல்லிட்டேனேம்மா" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே கூடப் போய் ஆறு வாரம் தவணை வாங்கினார். மாத்திரை அவன் சாப்பிடுகிற நேரத்துக்கு மாறியது. கம்பெனிக்குக் கடிதம் போனது. பெரிய ஷூவும் உட்கார ஒரு ஸ்டூலும் வந்தன. ஐந்தாவது வாரம் புண்ணின் ஓரம் புதுச் சதை சிவந்து துளிர்த்தது. கால் தப்பித்தது.

அதற்கடுத்த மூன்று வருடத்தில் சீட்டு ஒழிந்தது, சுவரில் ஒட்டியதைக் கிழித்தார்கள், எல்லா அறையிலும் இரண்டு நாற்காலி வந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சாயங்காலமும் கதவு திறந்தது. மாதம் ஒருமுறை நோயாளிகளும் உட்கார்ந்து ஆஸ்பத்திரியை எப்படி நடத்தலாம் என்று டாக்டரோடு மல்லுக்கு நின்றார்கள். சிலர் அரை மணியில் முழுசாகத் தெரிந்தார்கள். தையல்கார அம்மா ஒருத்தியின் முகம் வர ஒன்றரை வருடம் பிடித்தது. குமாஸ்தா ஒருவர் மட்டும் தனக்குத் தொண்டை போதும் என்று அடம்பிடித்தார். சரி, அப்படியே ஆகட்டும் என்று விட்டார்கள்.

அண்ணன் இப்போதும் வியாழக்கிழமை வருகிறான். வலது தோள் மட்டும் இன்னும் வரவில்லை; அந்த இடத்தில் பின்சுவரின் காலண்டர் தெரியும். என்னத்தை மறைக்கிறான் என்று தங்கை துருவப் பார்த்தாள். "கேக்குறது நம்ம வேலைம்மா. சொல்றது அவர் இஷ்டம்" என்றார் டாக்டர். அதனால் அவள் இப்போதெல்லாம் காலைப் பார்த்து முடித்ததும், காலண்டர் தெரிகிற இடத்தில் கையை வைத்து, தோள் அங்கே இருப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "சரி, அடுத்த வாரம் வா" என்று அனுப்புகிறாள்.