வெல்டர் போட்ட கதவு

அந்தத் தெருவில் இரண்டு அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு காலி மனை கிடந்தது. மாநகராட்சிக்குச் சொந்தம், அதாவது யாருக்கும் சொந்தமில்லை. உடைந்த பீங்கான், கிழிந்த மெத்தை, அழுகிய காய் என்று தெரு தன் கழிவையெல்லாம் அங்கேதான் கொட்டும். தெருவில் குடியிருந்த ஒரு வெல்டரின் தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வீடு அந்த மனையை ஒட்டியிருந்தது. ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவள், மூக்கைப் பொத்திப் பொத்தி அலுத்துப்போய், மண்வெட்டியோடு இறங்கிவிட்டாள்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்று அண்ணன் கேலி செய்தார். தங்கையின் உள்ளங்கை கொப்புளித்ததைப் பார்த்ததும் அவரே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு டிரைவர் வந்தார், இஸ்திரிக் கடைக்காரர் வந்தார். அடுத்த மழைக்குள் தக்காளி, அவரை, கீரை, சுவரோரம் பூசணி என்று அந்த இடமே பச்சை பிடித்துக்கொண்டது.

சிலர் ஆளுக்கொரு பாத்தி வைத்துக்கொண்டார்கள். தோட்டத்துக்கு வேலி கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. போகிற வழியில் எவரும் ஒரு கைப்பிடி கிள்ளிக்கொள்ளலாம். கிள்ளியவர் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போக வேண்டும். சிக்கல் என்னவென்றால், கிள்ளிய இடம் கண்ணுக்குத் தெரியும். ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும்.

வெல்டரின் பாத்தியில் ஒரு வருஷம் பெரிய பூசணிக்காய் ஒன்று காய்த்தது. தினமும் காலையில் போய்த் தட்டிப் பார்ப்பார். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிக் கொஞ்சியதில்லை என்று மனைவி இடித்துக் காட்டினாள். ஒருநாள் போய்ப் பார்த்தால் காம்பு மட்டும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். எந்த வீட்டுச் சோறு என்றுதான் தெரியவில்லை. அன்றிலிருந்து எதிர்ப்பட்ட முகமெல்லாம் அவருக்குத் திருட்டு முகமாகவே பட்டது.

சுற்றிலும் கம்பி வேலி அடித்தார். பட்டறையில் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு ஓர் இரும்புக் கதவு செய்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் வாழ்நாளில் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பாத்தி வைத்திருந்தவர்களுக்கு ஆளுக்கொரு சாவி என்று முடிவாயிற்று. எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கை மட்டும் தடுத்தாள்.

"வேணாம்ணே. ஒரு காய்க்காகத் தெருவையே வெளிய நிறுத்தாதே."

உழைத்தவனுக்குத்தான் காய் என்று அவர் முடித்துவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இந்த ஆத்திரக்காரரிடம் வெல்டிங் மெஷினும் இருந்தது.

திருட்டு நின்றது. கூடவே தண்ணீரும் நின்றது. எத்தனை பேர் எத்தனை வாளி ஊற்றியிருக்கிறார்கள் என்பது அவரைக்கொடி வாடிப் போன பிறகுதான் விளங்கியது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். தெருக்காரர்கள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

சில வருஷம் கழித்து, அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாக மாநகராட்சி சொன்னது. தெருக்காரர்கள் நேரில் வந்து தோட்டம் வேண்டும் என்று சொன்னால் விட்டுவிடலாம் என்றார் அதிகாரி. வெல்டர் வீடு வீடாக ஏறி இறங்கினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"உங்க தோட்டத்துக்கு நாங்க வந்து என்னண்ணே சொல்றது?"

குத்தலாகக் கேட்டிருந்தால் வெல்டரும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். தனக்கென்று பாத்தி எதுவும் கேட்காமல், எல்லோரையும்விட அதிகமாகக் குப்பை அள்ளியவர் இந்த இஸ்திரிக் கடைக்காரர். வெல்டர் படியிறங்கினார்.

குறித்த நாளில் சாவி வைத்திருந்தவர்கள் மட்டும் நின்றார்கள். அதிகாரி நல்ல மனிதர். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நெடுநேரம் காத்திருந்தார். பிறகு வருத்தம் தெரிவித்துவிட்டுக் கிளம்பினார்.

இயந்திரம் வந்து மண்ணை வழித்த அன்று வெல்டர் தங்கை வீட்டில் போய் உட்கார்ந்தார். அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வெளியே சத்தம் ஓய்ந்ததும் அவர் சொன்னார்.

"நீ அன்னைக்கே சொன்னே. நான்தான் கேக்கல. நீ வெச்ச தோட்டத்த நானே அழிச்சுட்டேன்."

அவள் திட்டுவாள், இல்லையென்றால் போகட்டும் விடு என்பாள் என்று எதிர்பார்த்தார். இரண்டில் எது கிடைத்திருந்தாலும் எழுந்து போயிருப்பார். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொன்னேன், சரி. சொல்லிட்டு, நீ குடுத்த சாவிய வாங்கி வெச்சுக்கிட்டேனே. இத்தன வருஷத்துல ஒருநாளாவது அந்தக் கதவத் திறந்து போட்டுட்டு வந்தேனாண்ணே?"