ஜோன்சனுக்கு ஒரு பூசை

நோரீன் அயர்லாந்துக்காரி, வயது எழுபத்திரண்டு. முப்பது படம் நடித்தும் என்ன, சனம் நினைவு வைத்திருப்பது ஒரேயொரு அழுகையைத்தான். அதுவும் களவெடுத்த அழுகை.

2009 மே மாதம், ஈழத்துச் சண்டையின் கடைசி நாட்கள். ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில் அவள் வீட்டுக்குக் கீழே மன்னார்க்காரி ரோசாலியின் தையல்கடை. தைக்கக் கொடுத்த கோட்டை நோரீன் எடுக்கப் போனபோது ரோசாலிக்கு ஊரிலிருந்து டெலிபோன் வந்தது. மகன் ஜோன்சனை வட்டுவாகல் பாலத்தடியில் கண்டதுதான் கடைசி, பிறகு ஆளைக் காணவில்லை. ரோசாலி நிலத்தில் விழுந்து வயிற்றில் அடித்து அழுதாள். நோரீன் கையைப் பிடித்தாளா? ம்ஹும். மூச்சு எங்கே அறுகிறது, கை எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வருஷம் கமெராவுக்கு முன்னால் அதை அப்படியே அழுது விருதும் வாங்கினாள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று பத்து வருஷமாய்த் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அயர்லாந்தில், செத்தவரின் பேரை மாதா கோயிலில் வாசிக்கச் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுத்து, அதற்கான அட்டையை வீட்டாரிடம் கொடுப்பார்கள். இத்தனை வருஷம் வராதவன் இனி எங்கே வரப்போகிறான் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். இன்று கோயிலில் பூசைக்குக் கொடுத்துவிட்டு, அட்டையோடு கடைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"படத்தைப் பாத்தனான் மதாம். அழுகைதானே, கொண்டு போங்கோ. எனக்கென்ன குறையப்போகுது?" என்றாள் ரோசாலி.

நோரீனுக்கு நெஞ்சுப்பாரம் பாதி இறங்கியது. அட்டையை நீட்டினாள்.

'ஜோன்சனின் ஆத்தும இளைப்பாற்றிக்காக' என்று அதில் இருந்தது. பிரெஞ்சு எழுத்தைக் கூட்டி வாசித்த ரோசாலியின் முகம் வெளிறிவிட்டது.

"அவன் செத்துப்போனான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? ஒரு மெழுகுதிரி கூட நான் கொளுத்தேல்லை. பூசை குடுத்தா நானே அவனை மண்ணுக்குள்ளை தாட்ட மாதிரி. ஐயோ, பேரை வாசிச்சுப்போட்டினமோ?"

மாதாவே! நோரீன் விழுந்தடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். பாதர் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றார்.

"காலமைப் பூசையிலேயே வாசிச்சாச்சு," என்றார். "நல்ல சனம் வந்திருந்தது."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திரும்பி வந்தாள். ரோசாலி வாசலிலேயே காத்து நின்றாள்.

"வாசிக்கேல்லை," என்றாள் நோரீன், அவள் முகத்தை நேராகப் பார்த்து. "நான் போய் நிப்பாட்டிப்போட்டன்."

ரோசாலி அவளைக் கட்டிப்பிடித்தாள். "என்ரை பிள்ளையைக் காப்பாத்திப்போட்டியள், மதாம்," என்று விம்மினாள்.

நோரீன் அசையாமல் நின்று அதையும் வாங்கிக்கொண்டாள்.