மாஸ்கோ நேரம் பன்னிரண்டு மணி

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தொலைபேசியில் நார்வே மொழியில் பேசுவது ரைசா கெர்மனோவ்னாவின் வேலை. ரஷ்யக் கடற்படையின் வடக்குத் தலைமையகம் ஒன்றில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேசை, மேசைமேல் அந்தக் கருவி. மறுமுனை நார்வேயில். இரு பக்கத்துப் போர்க்கப்பல்களும் விமானங்களும் ஒரே கடலில் உரசிக்கொள்ளும் நாளில் ஒரு தவறு பெரிய சண்டையாகிவிடக் கூடாது என்று வைத்த இணைப்பு அது. வாரம் ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்கள். "இணைப்பு தெளிவாக இருக்கிறது" என்று இந்தப் பக்கம் சொல்லும். "இங்கும் தெளிவாக இருக்கிறது" என்று அந்தப் பக்கம் சொல்லும். அறிவிப்பு ஏதாவது இருந்தால் வாசிப்பார்கள். வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி.

ஒன்பது வருடமாக மறுமுனையில் பேசுகிறவர் தொர்கெய்ர் என்ற மொழிபெயர்ப்பாளர். முகம் தெரியாது. விதியை அவர் ஒரே ஒரு முறை மீறியிருக்கிறார். நெஞ்சு வலி வந்த ரஷ்ய மீன்பிடிக் கப்பல் மாலுமி ஒருவனை நார்வேக்காரர்கள் ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் மருத்துவமனையில் சேர்த்திருந்த சமயம் அது. சோதனை முடிந்ததும், "உங்க பையன் இன்னிக்கு எழுந்து உக்காந்து சூப் குடிச்சான், வீட்டுல சொல்லிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ரைசா அன்று மாலையே அந்த மாலுமியின் தாயைத் தேடிப் போய்ச் சொன்னாள். தொர்கெய்ருக்கு மட்டும் நன்றி சொல்ல முடியவில்லை. அந்தக் கடன் அவள் மனத்தில் முள்ளாகக் கிடந்தது.

இந்த நவம்பரில் நேட்டோ நாடுகள் நார்வேயில் பெரும் படைப்பயிற்சி நடத்திக்கொண்டிருந்தன. பதிலுக்கு ரஷ்யக் கப்பல்கள் நார்வே கரைக்கு எதிரே ஏவுகணை வீசிப் பழகப் போவதாக முந்தைய நாள் அறிவிப்புப் போயிற்று. இந்தப் புதன் காலை அதையே தொலைபேசியிலும் வாசித்தாள். கடல் எல்லைகள், அன்றைய தேதி, பன்னிரண்டு மணி முதல் பதினெட்டு வரை, உலகப் பொது நேரம்.

"அப்போ எங்க நேரத்துக்குப் பகல் ஒரு மணியிலேர்ந்து," என்று தொர்கெய்ர் குறித்துக்கொண்டார். சற்றுத் தயங்கி, "அந்த எல்லைக்குள்ள எங்க மீன்பிடிப் படகு ரெண்டு தூண்டில் கயிறு விட்டிருக்கு. ஒரு மணின்னா எடுத்துட்டு வந்துடுவாங்க," என்றார்.

ரைசா மொழிபெயர்த்துச் சொல்ல, பக்கத்தில் நின்ற பணி அதிகாரி வாதிம் லுகோஷின் தலையாட்டினான். இணைப்பு முடிந்தது.

தேநீர் எடுக்க நடைவழியில் போனபோதுதான் ரைசா பலகையைப் பார்த்தாள். அன்றைய நிகழ்ச்சிகள் சாக்பீஸில் எழுதியிருந்தன. ஏவுகணை: 12.00. பலகையில் எல்லாமே மாஸ்கோ நேரம். இந்த நாட்டில் படைவீரன் எந்த மூலையில் இருந்தாலும் அவன் கடிகாரம் மாஸ்கோவைத்தான் காட்டும். சூரியன் எங்கே இருக்கிறது என்பது அவன் கவலை அல்ல. அதனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'மாஸ்கோ' என்று யாரும் எழுதுவதே இல்லை. உலகப் பொது நேரம் மாஸ்கோவுக்கு மூன்று மணி பின்னால். மூன்றைக் கழித்து ஒன்பது என்று போயிருக்க வேண்டிய அறிவிப்பு, பன்னிரண்டு என்றே போய்விட்டது.

மணி பத்து இருபத்தைந்து. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் ஏவுகணை கிளம்பும். படகுக்காரர்களோ நான்கரை மணி நேரம் இருக்கிறது என்று நிதானமாகக் கயிறு இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் கணவனும் அந்தக் கடலில்தான் போனான், மீன்பிடிக் கப்பலில் இயந்திரக்காரனாக. உடல் கிடைக்கவில்லை.

லுகோஷினிடம் ஓடினாள். அவன் அறிவிப்பின் நகலைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், மறுபடி நகலைப் பார்த்தான்.

"நான் எழுதினது," என்றான். "ரைசா கெர்மனோவ்னா, இது என் கையெழுத்து. நாலு பேரு பாத்துக் கையெழுத்துப் போட்டாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல."

"எல்லார் கடிகாரமும் ஒரே நேரம் காட்டினா எப்படிப்பா படும்? வா, மேல போய்ச் சொல்லலாம்."

பிரிவுத் தலைவர் ஸ்தனிஸ்லாவ் கிரெம்னியோவ் ஜன்னலோரம் நின்று பனிமேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏவுகணை விழும் எல்லைக்குள் படகு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவரும் விமானம் அந்த மேகத்தால் இன்னும் கிளம்பவில்லை. லுகோஷின் சொல்லி முடிக்கும்வரை அவர் திரும்பவில்லை.

"திருத்தின அறிவிப்புக்கு நாலு கையெழுத்து வேணும். மாஸ்கோ வரைக்கும் போய் வரணும். சாயங்காலம் ஆயிடும்," என்றார்.

"ஏவறதைத் தள்ளி வைக்கக் கூடாதுங்களா?" என்றான் லுகோஷின்.

"அங்க பெரிய ஆளுங்க எல்லாம் திரைக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்தாச்சு. 'ஐயா, எங்க அதிகாரிக்கு மணி பாக்கத் தெரியாது, கொஞ்சம் பொறுங்க'ன்னு நான் போய்ச் சொல்லவா? நீ சொல்றியா?"

லுகோஷின் தலை குனிந்தான். பீட்டர்ஸ்பர்க் கல்லூரிக்கு அவன் மாற்றல் உத்தரவு இந்த மாதம் வர வேண்டும். இந்தக் குளிரில் மூச்சிழுப்பு வரும் மகளுக்காக மூன்று வருடமாகக் காத்திருக்கிறான்.

"போன்ல சொல்லிடலாமே," என்றாள் ரைசா.

"அம்மா, நேட்டோக்காரன் அம்பதாயிரம் பேரைக் கூட்டிட்டு வந்து நம்ம வாசல்ல கூத்தடிக்கிறான். நாம என்ன செய்வோம், எப்போ செய்வோம்னு அவனுக்கு விளங்கக் கூடாது. அந்தக் குழப்பந்தான் நம்ம பலம். நாமளே போன் போட்டு 'தப்பா சொல்லிட்டோம்'னா நாளைக்கு அவன் பத்திரிகையில சிரிப்பா சிரிப்பான்."

"குழம்ப வேண்டியவங்க தளபதிங்கதானே? மீன் பிடிக்கறவங்க எதுக்குங்க குழம்பணும்?"

கிரெம்னியோவ் அவளை முறைத்தார். கோபமா களைப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. மேசைமேல் இருந்த தொப்பியை எடுத்தார், மறுபடி வைத்தார். மணி பத்து ஐம்பது.

"நான் கீழ சாப்பாட்டுக் கூடத்துக்குப் போறேன்," என்றார் கடைசியில். "டீ குடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். இணைப்பறைச் சாவி இந்த இழுப்பறையில இருக்கு. பூட்ட மறந்துட்டேன்."

படிகளில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. லுகோஷின் சாவியை எடுத்தான். இணைப்பறையில் ரைசா கருவியை எடுத்து நார்வேயை அழைத்தாள்.

மணி அடித்தது. ஏழு முறை, எட்டு முறை. சோதனை நேரம் இல்லையே, எழுந்து போயிருப்பாரோ? ரைசா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கலாயை நினைத்தாள். பன்னிரண்டாவது மணியில் யாரோ எடுத்தார்கள். இளம் குரல். தொர்கெய்ரைக் கூப்பிடச் சொன்னாள். காலடிச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு மூச்சு வாங்கும் தெரிந்த குரல்.

"இணைப்பு தெளிவாக இருக்கிறது," என்றாள் பழக்கத்தில். "நாங்கள் காலையில் வாசித்த..."

"ஒரு நிமிஷம்," என்று அவர் இடைமறித்தார். "நீங்க சொல்றதுக்கு முன்னாடி எங்க பக்கத்துலேர்ந்து ஒரு வேண்டுகோள் இருக்கு. பதிவுல அதை முதல்ல எழுதிக்குங்க. அறிவிப்புல உள்ள நேரத்தை மாஸ்கோ கணக்குலயும் வாசிச்சுக் காட்டணும். தெளிவுக்காக."

தவறு செய்துவிட்டோம் என்று இவர்கள் சொல்ல வேண்டிய இடத்தில், நார்வேக்காரர்கள் விளக்கம் கேட்டார்கள் என்று ஆகிவிட்டது. லுகோஷினுக்கு மொழிபெயர்த்தாள். அவன் "பன்னிரண்டு. மாஸ்கோ நேரம் பன்னிரண்டு," என்றான்.

"அதாவது எங்க நேரம் பத்து," என்றார் தொர்கெய்ர். இப்போது மணி அங்கே ஒன்பதுகூட ஆகவில்லை. "ரெண்டு மணிக்கே இங்க இருட்டிடும். இருட்டுல எதுக்குச் சுடப் போறாங்கன்னு காலையிலேர்ந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு. கேக்கலாமா வேண்டாமான்னு போனையே பாத்துட்டு இருந்தேன். வெளியில கொஞ்சம் காத்து வாங்கப் போனா நீங்க கூப்பிடறீங்க. சரி, நேரம் இல்ல, வைக்கிறேன்."

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. நீளக் கயிறு மைல்கணக்கில் கிடக்கும். எடுத்து முடிக்க நேரம் பிடிக்கும். அறுத்துவிட்டு வா என்றால் எந்த மீனவன் உடனே கேட்பான்? ரைசாவின் கணவன் கேட்டிருக்க மாட்டான். பதினொன்று இருபது. பதினொன்று முப்பத்தைந்து. கிரெம்னியோவ் வந்து கதவருகே நின்றார். டீ குடித்தவர் மாதிரித் தெரியவில்லை.

லுகோஷின் பதிவேட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தான். நார்வே தரப்பின் வேண்டுகோள் என்று எழுதியவன், கீழே இன்னொரு வரியும் சேர்த்தான்: முதல் அறிவிப்பில் நேரம் தவறு. தவறு என்னுடையது.

"அதை ஏன் எழுதறே?" என்றார் கிரெம்னியோவ். "அவன்தான் உன்னை அழகா மூடி விட்டானே."

"மூடினது அவரோட நல்ல மனசு. அதுக்குள்ள நான் ஒளிஞ்சா நல்லா இருக்காதுங்க."

"மாற்றல் போயிடும்."

"தெரியுங்க."

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு மணி அடித்தது. முதல் மணியிலேயே ரைசா எடுத்தாள்.

"சோதனை," என்றார் தொர்கெய்ர். "இணைப்பு தெளிவாக இருக்கிறது. எல்லையும் தெளிவா இருக்கு. ரெண்டு படகும் வெளிய வந்தாச்சு. ஒருத்தர் கயிற்றை அறுத்துட்டு வந்தாராம். ரெண்டு நாட்டையும் சேத்துத் திட்டிக்கிட்டு இருக்கார்."

"இங்கும் தெளிவாக இருக்கிறது," என்றாள் ரைசா. பிறகு பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமலே, "அந்தப் பையன் நல்லா இருக்கான். போன வருஷம் கல்யாணம் ஆச்சு. சூப் குடிச்சான்னு சொன்னீங்களே, நன்றி," என்றாள்.

"அப்படியா," என்றது மறுமுனைக் குரல். "நல்லது. ரொம்ப நல்லது."

கிரெம்னியோவ் நார்வே மொழி அறியாதவர் அல்ல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பதிவேட்டை இழுத்து, லுகோஷினின் கடைசி வரிக்குக் கீழே எழுதினார்: சரிபார்த்தவன் நான். என் கண்ணிலும் படவில்லை. கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டுக்குச் சுவர்க் கடிகாரம் நகர்ந்தது. அவ்வளவு தூரத்தில் எதுவும் கேட்காது என்று தெரிந்தும் மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

லுகோஷினின் மாற்றல் அந்த மாதம் வரவில்லை. அடுத்து வந்த ஞாயிறன்று ரைசா தேவாலயத்தில், நலம் வேண்டிப் பாதிரியார் படிக்கும் சீட்டில் பெயர்கள் எழுதிக் கொடுத்தாள். முதலில் லுகோஷினின் மகள், பிறகு தொர்கெய்ர், கடைசியில் கிரெம்னியோவின் முதற்பெயர் ஸ்தனிஸ்லாவ். மெழுகுவத்தி விற்கும் அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள்.

"தொர்கெய்ரா? இது என்ன பேரு? நம்ம புனிதர் பட்டியல்ல இல்லையே, பாதிரியார் படிக்க மாட்டாரே."

"இல்லதான்."

"ஸ்தனிஸ்லாவும் இல்ல. அவருக்கு ஞானஸ்நானத்துல வேற பேரு இருக்கும், கேட்டுட்டு வா."

"அவரை அதெல்லாம் கேக்க முடியாதுங்க. கடிச்சுடுவார்."

"அப்போ ரெண்டையும் எப்படிம்மா படிக்கறது?"

ரைசா சீட்டை வாங்கி, அந்த இரண்டு பெயரையும் அடித்துவிட்டு, 'கடலில் போகிறவர்களும் அவர்களுக்காகக் காத்திருக்கிறவர்களும்' என்று எழுதி நீட்டினாள்.

அம்மாள் படித்துப் பார்த்தாள். "இது படிக்கலாம்," என்று சொல்லி, மற்றச் சீட்டுகளோடு சேர்த்து அடுக்கினாள்.